புழுதியோடு சேர்த்து விலை

அன்று காலை கோழிக்கொட்டகை முன்னால் இருந்தவர்கள்: என் அக்கா தெயான்னா, எழுபத்திரண்டு வயது, முந்தின நாள்தான் முடியைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் புருஷன் லெயார்கோ, ரப்பர் பூட்ஸ் போட்ட காலோடு. சுவிட்சர்லாந்திலிருந்து கார் வாங்க வந்திருந்த பூலர், காலரில் ஒரு சுருக்கம்கூட இல்லாதவர். டைல்ஸ் சூளையில் இரவு வேலை முடித்து, தூங்காமல் நேரே வந்திருந்த நான். கடைசியாக, கார். 1974ஆம் வருஷத்து மொர்சியானி, இரண்டு இருக்கை, பன்னிரண்டு சிலிண்டர், வெள்ளி நிறம். வெள்ளி நிறம் என்பது முந்தின நாள்தான் எங்களுக்கே நினைவு வந்தது.

அதுதான் பிரச்சினை.

பூலர் காரை இரண்டு முறை சுற்றிவந்தார். குனிந்தார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். நிமிர்ந்து, துக்க வீட்டில் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"புழுதி எங்க?"

"எல்லாம் போயிருச்சு." லெயார்கோவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நேத்து முழுக்க இதே வேலை. மாட்டைக் கழுவுற குழாய்ல அடிச்சு விட்டேன். அப்புறம் மெழுகு, ரெண்டு கை."

"கோழி இறகு? பின்னாடி முட்டைக் கூடு ஒண்ணு இருந்துச்சே, படத்துல பார்த்தேன்."

"எடுத்தாச்சு. சீட்டுல கிடந்த பழைய பேப்பரையும் எரிச்சாச்சு. வெளிநாட்டுலேர்ந்து மனுஷன் வர்றார், அழுக்கு வண்டியவா காட்டுறது? எங்க அம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து செருப்பால அடிப்பா."

இத்தாலியில் எங்கள் மோதெனா பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்கள் முதலில் காரைக் கழுவுவார்கள், பிறகுதான் முகத்தை. அழுக்குக் காரை விருந்தாளிக்குக் காட்டுவது கிழிந்த கால்சட்டையோடு கோவிலுக்குப் போவது மாதிரி. லெயார்கோவுக்கு வேறு எதுவும் தோன்ற வழியே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. குழாயைப் பிடித்து உதவியவனே நான்தான்.

பூலர் அங்கிருந்த வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். இந்த மாதிரி கார் சேர்க்கிறவர்களுக்கு, செய்த நாளிலிருந்து யாரும் தொடாத வண்டிதான் வண்டி என்று விளக்கினார். பெயின்ட் உரிந்திருந்தால் உரிந்தபடி, எலி கடித்திருந்தால் கடித்தபடி. போனில் படங்களைப் பார்த்துத்தான் ஆறு லட்சம் யூரோ சொல்லியிருந்தார்.

"இப்போ நாலு," என்றார்.

"அப்போ புழுதிக்கு மட்டும் ரெண்டு லட்சமா?" லெயார்கோ சாக்கடையைத் திரும்பிப் பார்த்தார். "நான் நேத்து ரெண்டு லட்சத்தை இதுலயா ஊத்தினேன்?"

"ஆமா."

"அதுல கோழி எச்சத்துக்கு எவ்வளவு?"

பூலர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுக்குத் தனியா கணக்கு இல்ல," என்றார். மனுஷன் கிண்டல் பண்ணவில்லை.

தெயான்னாவுக்கு நாலு லட்சம் போதாது. பனாரோ ஆற்றங்கரையில் லூச்சோலா என்று ஒரு நடன மண்டபம் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் வால்ட்ஸ், போல்கா, மசூர்கா. முட்டி தேய்ந்தவர்கள், ஜோடி செத்தவர்கள், ஜோடியோடு பேச்சு நின்றவர்கள் எல்லாரும் அங்கேதான். அதன் சொந்தக்காரர் பலோட்டா மண்டபத்தை விற்கிறார். ஒரு சூப்பர்மார்க்கெட் கம்பெனி அதை இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கப் போகிறது. மாதக் கடைசிக்குள் ஐந்தரை லட்சம் கொண்டு வந்தால் மண்டபம் உனக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு என்று பலோட்டா தெயான்னாவிடம் சொல்லியிருந்தார். அவள் அக்கார்டியன்காரரிடம் வரைக்கும் பேசி முடித்துவிட்டாள்.

கார் அவளுடையது. மொர்சியானி கம்பெனியில் இருக்கைக்குத் தோல் தைத்தவள் அவள். கம்பெனி திவாலானபோது ஏழு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு காரைத் தள்ளிவிட்டார்கள். அந்த வருஷம் பெட்ரோல் விற்ற விலையில், இவ்வளவு பெரிய என்ஜினுக்கு அரசாங்கம் போட்ட வரியில், அதை ரோட்டில் ஓட்ட ஒரு டாக்டருக்குக்கூட வக்கில்லை. மற்றவர்கள் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இவள் பிடிவாதக்காரி. கொட்டகையில் தள்ளி மேலே போர்வையைப் போட்டாள். போர்வை மேல் கோழிகள் உட்கார்ந்தன. ஐம்பது வருஷம் ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"ஓட்டிப் பார்க்கலையா?" என்று தெயான்னா பூலரைக் கேட்டாள்.

"ஓட்டுறதா?" அவர் முகம் மாறியது. "சிஞ்ஞோரா, இந்த வண்டி மொத்தமே முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடல. அதுதான் இதுல மிச்சம் இருக்கிற பெருமை. ஒவ்வொரு கிலோமீட்டர் கூடவும் விலை இறங்கும்."

"ஓ," என்றாள் அவள். உள்ளே போய் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, ஆடும்போது போடுகிற மெல்லிய தோல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். வண்டியை லாரியில் ஏற்றுவதற்காக மெக்கானிக் வைனெர் பிரேக்கைச் சரிபார்த்து, எண்ணெய் மாற்றி, தன்னுடைய சோதனை ஓட்ட நம்பர் பலகையையும் மாட்டிவிட்டுப் போயிருந்தான். சாவி அதிலேயே இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

கோழிகள் நாலாப் பக்கமும் பறந்தன.

தடுக்கிறேன் என்று பூலர் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே விழுந்தார். கதவு சாத்துவதற்குள் கார் முற்றத்தைத் தாண்டிவிட்டது. லெயார்கோ ஓடிப்போய்த் தன் மூன்று சக்கரச் சாமான் வண்டியைக் கிளப்பினார். நான் பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டேன்.

வின்யோலா சாலையில் அவர்களைப் பிடித்துவிட்டோம். அவள் சைக்கிள் வேகத்தில்தான் போனாள். டயர்கள் பழசு என்று அவளுக்கும் தெரியும். எங்கள் வண்டி பக்கவாட்டில் வந்தது. கார்க் கண்ணாடி இறக்கியிருந்ததால் பேச்செல்லாம் தெளிவாகக் கேட்டது.

"சிஞ்ஞோரா, டயருக்கு ஐம்பது வயசு."

"எனக்கு எழுபத்திரண்டு. ரெண்டு பேரும் பார்த்துத்தான் போவோம்."

"ஒரு கிலோமீட்டர் ஆச்சு." சாவு செய்தி சொல்கிற குரல். "தயவுசெஞ்சு திருப்புங்க. நாலேகால் தர்றேன்."

"இந்த சீட்டு நான் தைச்சது. இடுப்புக்கு நல்லாத்தான் இருக்கு. அப்போ எனக்குத் தெரியல. தைக்கிறவளை யார் உட்கார விட்டா?"

"நாலரை."

"மூணாவது கியர் எங்க விழும்? ஆ, இங்க. பன்றிக் கொழுப்புல விரல் விட்ட மாதிரி வழுக்குது."

பின்னால் வந்த டிராக்டர் ஹாரன் அடித்துவிட்டு எங்கள் இரண்டு வண்டியையும் முந்திப் போனது. ஓட்டினவன் எங்கள் ஊர் கார்மைனே வீட்டுப் பையன். ஆறு லட்சம் யூரோ காரைத் தாண்டின முதல் மனுஷன் அவன்தான் என்பது அவனுக்குத் தெரியாது. தெயான்னாவுக்கு அது பிடிக்கவில்லை. காலை அழுத்தினாள்.

ஒரு என்ஜின் சத்தத்துக்கு எனக்குப் புல்லரித்தது என்று எழுத மாட்டேன். ஆனால் விரலில் இருந்த சிகரெட்டை இழுக்க மறந்துவிட்டேன். அது மூட்டையில் விழுந்து சாக்கில் ஓட்டை போட்டது. கார் டிராக்டரைத் தாண்டி, வளைவு தாண்டி, செர்ரித் தோப்புகளுக்கு நடுவே மறைந்துபோனது.

"போச்சு," என்றார் லெயார்கோ.

"என்ன போச்சு? அவ ஓட்டறதைப் பார்த்தா பயமா இருக்கா?"

"அவ சிரிச்சதைப் பார்த்தியா? கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை அப்படிச் சிரிச்சா. அப்புறம் என்னை விடவே இல்லை. இவ விக்க மாட்டாடா. மண்டபம் போச்சு. சனிக்கிழமைக்கு இனிமே சூப்பர்மார்க்கெட்டுல தள்ளுவண்டியப் பிடிச்சிட்டுத்தான் ஆடணும்."

வளைவைத் தாண்டியபோது கார் எங்களை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தது, மறுபடியும் சைக்கிள் வேகத்தில். லெயார்கோ வண்டியை அரைவட்டம் அடித்துப் பக்கத்தில் கொண்டுபோனார். தெயான்னாவின் புதுச் சுருட்டை முடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பூலர் முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணில் தண்ணீர். காற்றாலா வேறெதாலா என்று தெரியவில்லை.

"ஹெர் பூலர், நான் விக்கல," என்றாள் அவள்.

"என்ன?"

"ஐம்பது வருஷம் கோழிக்கு மெத்தையா வச்சிருந்தேன். புத்தி கெட்டவ. நாளையிலேர்ந்து சந்தைக்கு இதுலதான். தினமும். மழை பெஞ்சாலும்."

"மழையிலயா?"

"காய்கறிக் கூடை நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல."

"ஐந்து."

"மீனும் வாங்குவேன். வெள்ளிக்கிழமைல."

"சிஞ்ஞோரா, தோல் சீட்டு அது."

"தெரியும். நான்தானே தைச்சேன்."

"ஐந்தரை."

மண்டபத்தின் விலை அதுதான். அதோடு முடித்திருக்கலாம். அவள் முடிக்கவில்லை. எதிரே ரோடு காலியாக, நேராக, இரண்டு பக்கமும் செர்ரி பழுத்துக் கிடந்தது. அவள் கை கியரின் மேல் போனது.

"ஆறு," என்று பூலர் கத்தினார். "போன்ல சொன்ன ஆறு. புழுதி இல்லாட்டியும் ஆறு. ஆனா இங்கயே நிறுத்துங்க. இப்பவே. ஒரு மீட்டர்கூடக் கூடாது."

அவள் உடனே நிறுத்தவில்லை. மீட்டர் கணக்கில் பார்த்தால் அவருக்கு நெஞ்சு வெடிக்கும் அளவுக்குப் போனாள். அந்தத் தூரத்தில் அவள் கை கியரை விட்டு அகலவில்லை. மேலே தள்ளப்போகிறாளா, கீழே இழுக்கப்போகிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஓரமாகக் கொண்டுபோய் ஒரு செர்ரி மரத்தடியில் நிறுத்தி, சாவியைத் திருப்பினாள். இறங்கி, காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"பொய்யா சொன்ன?" என்று லெயார்கோ அவள் காதில் கேட்டார். "விக்கலன்னு?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"மீன்," என்றாள்.

மேற்கொண்டு ஓட்டக்கூடாது என்பதால் லாரி வரும் வரை எல்லாரும் அங்கேயே காத்திருந்தோம். தோப்புக்காரர் வந்து, காரைப் பார்த்துவிட்டு, ஒரு கூடை செர்ரியை வைத்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. லெயார்கோ மூன்று சக்கர வண்டியின் இருக்கைக்கு அடியிலிருந்து லாம்ப்ரூஸ்கோ ஒயின் பாட்டிலை எடுத்தார். அது அங்கே எதற்கு என்று தெயான்னா கேட்கவில்லை. பூலர் கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, பாட்டிலோடு குடித்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மனசுல வச்சுக்காதீங்க," என்றார் லெயார்கோ. "அது ஆறு லட்சம் பெறுமா?"

பூலர் கொட்டையைத் துப்பினார். "முந்தாநாள் கேட்டிருந்தா, பெறும். புழுதியோட."

"இன்னிக்கு?"

"இன்னிக்குப் பெறாது. என் ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்க." அப்படிச் சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, சட்டையில் லாம்ப்ரூஸ்கோ சிந்தியது. "எங்கிட்ட பத்தொன்பது வண்டி இருக்கு. ஓடுறப்போ நான் உள்ள உட்கார்ந்த முதல் வண்டி இதுதான்."

லெயார்கோ அவரை உற்றுப் பார்த்தார். "அப்போ இன்னும் பத்தொன்பது பாக்கி இருக்கு," என்றார்.

"இதையும் ஓட்டுவீங்களா?" என்று தெயான்னா கேட்டாள். அவள் இன்னும் காரின் பக்கம் திரும்பவில்லை.

"தெரியல. கூடாது." அவர் இன்னொரு செர்ரியை எடுத்தார். "மூணாவது கியர் வரைக்கும் ஒரு தடவை..."

"நாலாவது வரைக்கும் போங்க. மூணுல ஒண்ணும் இல்ல."

லாரி வந்தது. அவர் காரை ஏற்றுகிறவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, ஏற்றி முடித்தபின் எங்கள் மூவரையும் கட்டிப்பிடித்தார். என் மேல் சூளைத் தூசி இருந்தது. அவர் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. தட்டிவிடவில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியம் நோட்டரி ஆபீஸிலிருந்து நேரே லூச்சோலாவுக்குப் போனோம். பலோட்டா சாவிக்கொத்தைத் தெயான்னா கையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை.

"கூரை ஒழுகும்," என்றார்.

"தெரியும். ஒழுகுற இடத்தைச் சுத்தித்தான் இத்தனை வருஷம் ஆடுறோம்."

"ஐஸ்பெட்டி ராத்திரியில உறுமும்."

"லெயார்கோவும் உறுமுவார். பழக்கம்."

பலோட்டா கிளம்பினார். வாசலிலிருந்து திரும்பி வந்து, பெண்கள் கழிவறைக் குழாயை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று காட்டினார். மறுபடி கிளம்பினார். மறுபடி வந்தார். இந்தத் தடவை மேடைக்குக் கீழே ஒரு பலகை ஆட்டம் காண்கிறதாம். மேடையில் அக்கார்டியன்காரர் சுருதி பார்த்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு லெயார்கோ கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பலோட்டா, ராத்திரி ஒன்பது மணிக்கு வாங்க," என்றாள் தெயான்னா. "டிக்கெட் எடுத்துக்கிட்டு."

"நானா? டிக்கெட்டா?"

"நீங்கதான். கோட்டு வைக்கத் தனிக் காசு. நீங்க வச்ச விதிதான்."

அவரைத் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி, வெயிலில் விட்டாள். அவர் மூன்றாவது தடவை திரும்புவதற்குள் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினாள்.