மூன்று பேர் வேலை செய்யும் பட்டறை

எங்கள் கல்லூரிப் பொருளாதாரத் துறையில் வருஷா வருஷம் ஜனவரியில் முதுகலை மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு கொண்டுவருவார்கள். இருபது பேர் இருந்தால் பதினைந்து தாளில் ‘சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு’ என்றிருக்கும். யாருடைய நிலை என்பது மட்டும் மாறும். போன வருஷம் முந்திரி விவசாயி, இந்த வருஷம் ஆட்டோ ஓட்டுநர். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“தலைப்புன்னா பஸ் போர்டு மாதிரி இருக்கணும். சென்னைன்னு போட்டுட்டு சேத்தியாத்தோப்புல எறக்கி விடக்கூடாது” என்பேன். சிரிப்பார்கள். மறுநாள் அதே தலைப்பு வரும்.

அன்புக்கரசி கொண்டுவந்தது ‘விருத்தாசலம் பீங்கான் தொழிலாளர் நிலை’. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிற பெண், கேட்டாலொழியப் பேசமாட்டாள். சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

“ஊர்ல எவ்ளோ பேரு இந்த வேலை செய்யறாங்க. இதுல யாரு?”

“பொம்பளைங்க மேடம்.”

“என்ன வேலை செய்யறவங்க?”

“அச்சுலேருந்து எடுத்த பொம்மை காஞ்சப்பறம், பிசிறு சொரண்டறவங்க.”

“சரி, அவங்களுக்கு என்ன?”

கொஞ்சம் யோசித்தாள். “தூசி மேடம். இருமிக்கிட்டே இருக்காங்க.”

இப்படி ஒரு பதில் என் மேஜைக்கு வந்து பல வருஷமாகியிருந்தது. நான் விடவில்லை. எந்தப் பட்டறை என்றேன்.

“பட்டறை பேரு வேணுமா மேடம்?”

“பின்ன வேணாமா? எங்கன்னே தெரியாம என்ன ஆராய்ச்சி?”

தயங்கித்தான் சொன்னாள். நானே எழுதினேன்: ‘ராஜாங்கம் பட்டறையில் பொம்மை சுரண்டும் பெண்களின் இருமலும் இழந்த வேலைநாட்களும்’. வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

ஒப்புதலான தலைப்புகளை மாணவர் பெயர், ஊரோடு துறையின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது வழக்கம். போட்டேன். பழைய மாணவர்களும் அதில் இருக்கிறார்கள். பட்டறை முதலாளி ராஜாங்கத்தின் மகனும் இருக்கிறான். தெரியாது என்று சொல்ல முடியாது, நான்தான் சேர்த்தேன். அந்த நேரம் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் அன்புக்கரசி வந்து நின்றாள்.

“அம்மாவ வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க மேடம்.”

அவளுடைய அம்மா கொளஞ்சியம்மாள் அங்கேதான் வேலை பார்த்தாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சுரண்டுகிற வேலைக்கு அங்கே மொத்தம் மூன்றே பெண்கள். மூவரும் ஒரே தெரு. கல்லூரிக்குப் போகிற மகள் இருப்பது ஒருத்திக்கு மட்டும். அத்தனை கேள்வி கேட்ட நான், இருமுகிறார்கள் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

“பட்டறை பேர எடுத்துடலாம்மா. தலைப்பையே மாத்திடலாம். நான் வேணா முதலாளிகிட்ட பேசிப் பாக்கறேன்.”

“எதுக்கு மேடம்? போன வேலை போனதுதான். தலைப்பு இருக்கட்டும். அம்மா இப்ப வூட்லதான் இருக்குது, கேட்டா சொல்லும்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

“நாளைக்கு நான் உங்க வீட்டுக்கு வந்து அம்மாவப் பாக்கறேன்” என்றேன்.

“வராதீங்க மேடம். எங்க தெருவுக்கு நீங்க வந்துட்டுப் போனது தெரிஞ்சா, மத்த ரெண்டு பேரையும் நிறுத்திடுவாங்க.”