விட்டுப்போன சுற்று

விளையாட்டுச் சங்கத்து அறையில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மேஜைமேல் ஒரு தாள். ஐயாயிரம் மீட்டரில் வருஷாவருஷம் முதலாக வந்த பள்ளி மாணவிகளில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த பத்துப் பேரின் வரிசை. மைதானச் சுவரில் அதைச் செதுக்கப்போகிறவர் வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரமாயிற்று.

முதல் வரியில் மணிக்காரரின் தங்கை இருந்தாள். மீதிச் சுற்றைக் காட்டும் அட்டையைப் புரட்டி, கடைசிச் சுற்றுக்கு மணியடிப்பது அவர் வேலை; தங்கை ஓடிய அன்றும் அவர்தான் அடித்தார்.

"இந்த ஒரு நேரம் மட்டும் எதோடயும் ஒட்டலையே," என்றார் கணக்கு வாத்தியார். "மத்த ஒன்பது பேரும் பதினேழரை நிமிஷத்துக்கு மேல. இந்தம்மா பதினஞ்சு நிமிஷம் அம்பது செகண்ட். அதுவும் மழையில!"

"அதுக்குப் பேர்தான்யா சாதனை! கண்ணு வைக்காதீங்க," என்று தலைவர் சிரித்தார். "மணி, சட்டுனு கையெழுத்தைப் போடு."

மணிக்காரர் பேனாவைத் திறந்தார். புகைப்படத்துக்காக நல்ல புடவை கட்டிக்கொண்டு தங்கை கதவோரம் நின்றாள். பாவி மனுஷன், இருபத்திரண்டு வருஷம் வாயை மூடியிருந்தவருக்கு இன்னும் ஒரு நிமிஷம் மூடியிருப்பதா பெரிய காரியம்? ஆனால் கல்லில் ஏறிவிட்டால் அப்புறம் அழிக்க முடியாது. பேனாவை மூடி வைத்தார்.

"அவ முழுசா பன்னெண்டரைச் சுத்து ஓடலைங்க. பதினொண்ணரைதான். மழையில ரெண்டு அட்டை ஒட்டிக்கிச்சு. ஆறுக்கப்புறம் நாலைக் காட்டிட்டேன். மணியும் முன்னாடியே அடிச்சுட்டேன். ஜனங்க அவளைத் தோள்ல தூக்கினப்புறம் எனக்கு வாய் வரல."

தங்கையின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

வாத்தியார் அன்றைய ஓட்டத்தின் சுற்றுக்கணக்குத் தாளை இழுத்து, சுற்றுக்கு ஒன்றாகப் போட்டிருந்த கோடுகளை எண்ணினார். "எல்லாருக்கும் ஒரு கோடு குறையுது. முப்பத்தேழாம் நம்பருக்கு மட்டும் முழுசா இருக்கு. பதினேழு இருபது. கடைசி இடம்னு போட்டிருக்கு."

"எல்லாரும் நின்னப்புறம் 'இன்னும் ஒண்ணு இருக்கு'ன்னு சொல்லிட்டுத் தனியா ஓடின பொண்ணு அவ," என்றார் மணிக்காரர். "மைதானமே கைகொட்டிச் சிரிச்சுது. அதோட ஓடறதையே விட்டுட்டா."

வாத்தியார் வரிசையைப் பார்த்தார். "பதினேழு இருபதுன்னா... அவதானய்யா முதல்!"

தலைவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "விளையாடறியா? பேனா மை தீர்ந்துகூடக் கோடு விட்டுப்போயிருக்கும். பத்திரிகைக்கெல்லாம் பேரைக் கொடுத்தாச்சு. உன் ஞாபகத்தை நம்பி மாத்த முடியாது. வேற சாட்சி இருக்கா? இல்லைன்னா விடு, கல்லு வெட்டட்டும்."

அப்படி யாரும் இருக்க முடியாது என்று மணிக்காரருக்குத் தெரியும். தப்பித்தோம் என்று ஒரு கணம் மனசு லேசாகிவிட்டது. அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

"நான் இருக்கேன்."

தங்கை மேஜைக்கு வந்து, அண்ணனின் பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தாள்.

"நானும் எண்ணிக்கிட்டேதான்ணே ஓடினேன்," என்றாள். "அந்தப் பொண்ணு தனியா ஓடினப்போ சிரிச்சாங்களே, அதுல நானும் இருந்தேன்."