சம்பந்தி இன்னும் வெளியே வரவில்லை

நான் சொல்லப்போவது இப்படியேதான் நடந்ததா என்று எனக்குத் திடமாகத் தெரியாது. அன்று மேசையில் இருந்தவர்களில் சிலர், ஸ்வோனிமிர் குளியலறைக்குள் போனது சூப் முடிந்ததும் என்கிறார்கள். இறைச்சிக்குப் பிறகு என்றுதான் எனக்கு ஞாபகம். என் அக்கா பெரினாவுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. இறைச்சிக்கு முன்பே போயிருந்தால் பழி அவள் சமையல் மேல் விழாது.

ஸ்ப்ளிட் என்ற கடலோர நகரத்தில் ஒரு ரோமானியச் சக்கரவர்த்தியின் அரண்மனைக்குள்தான் எங்கள் வீடு. எங்களைப் போல இன்னும் எத்தனையோ குடும்பங்கள். சுவர் அவருடையது, துணி காயப்போடும் கயிறு எங்களுடையது. அக்கா மகள் தூயாவைக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்த க்ரேஷோ, தலைநகர் ஜாக்ரெப்காரன். அவனுடைய அப்பா ஸ்வோனிமிரும் அம்மா லேர்காவும் அன்றுதான் முதன்முதலாக எங்களைப் பார்க்க ரயிலேறி வந்திருந்தார்கள். பெற்றோர் முகம் சுளித்தால் க்ரேஷோ பின்வாங்கிவிடுவான் என்று அக்காவுக்குப் பயம். அவன் அந்த மாதிரிப் பையன்தான்.

காலையில் அத்தானும் நானும் ஸ்வோனிமிரை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனோம். அவர் கையில் பழைய கட்டடங்களைப் பற்றிய கனமான புத்தகம் ஒன்று இருந்தது. எகிப்திலிருந்து வந்த கருங்கல் தூண்களுக்கு முன்னால் நின்று இது என்ன என்று கேட்டார். இங்கே உட்கார்ந்தால் காப்பிக்கு நல்ல நிழல் கிடைக்கும் என்றார் அத்தான் ஸ்டிபே. தெற்கு வாசலைப் பற்றிக் கேட்டபோது, முன்பெல்லாம் கடல் அதுவரைக்கும் வரும், இப்போது வருவதில்லை என்று தன்னுடைய தப்பு போலச் சொன்னார். ஸ்வோனிமிர் புத்தகத்தை மூடிவிட்டார். அத்தான் சிகரெட் வாங்கப் போன நேரத்தில் என் பக்கம் திரும்பினார்.

"பாஷ்கோ, தப்பா எடுத்துக்காதீங்க. சக்கரவர்த்தி கட்டின சுவத்துல உள்பாவாடை தொங்குது. ஒருத்தர்கூட நிமிர்ந்து பாக்க மாட்டேங்கறீங்க. இப்படிப்பட்ட வீட்டுல பொண்ணெடுக்கறதான்னு யோசனையா இருக்கு."

  வீட்டுக்கு வந்ததும் இதை அப்படியே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் முதலில் கயிற்றிலிருந்த துணிகளை எடுத்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். ஒரு ராத்திரி முழுக்க வினிகரில் ஊறி, உலர்ந்த பிளம் பழங்களோடு வெந்துகொண்டிருந்த மாட்டிறைச்சிதான் அவளுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை.

ஸ்வோனிமிர் அதை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கை கழுவப் போனார். வரவில்லை.

  வெகுநேரம் ஆனதும் அத்தான் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. "கொஞ்ச நேரம் என்னை விட்டுடுங்க" என்று ஒரு தளர்ந்த குரல் மட்டும் வந்தது.

காற்றுதான் காரணம் என்று அக்கா உடனே தீர்ப்புச் சொன்னாள். அத்தான் சிகரெட்டுக்காகச் சமையலறை ஜன்னலைத் திறந்திருந்தார், குளியலறை ஜன்னலும் திறந்திருந்தது, எதிரெதிராக இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் வியர்த்த முதுகில் காற்றுப் பட்டு மனிதன் படுத்துவிடுவான். இதில் லேர்காவுக்கும் கருத்து வேறுபாடில்லை. ஜாக்ரெப்பிலும் அந்தக் காற்றுக்கு எல்லாரும் நடுங்குவார்கள். அதனால் ஜூலை வெயிலில் எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிட்டு உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் லேர்கா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, காற்று ஒருபக்கம் இருக்கட்டும், எங்கள் பக்கம் இறைச்சியில் இவ்வளவு வினிகர் ஊற்ற மாட்டோம் என்றாள்.

அக்கா முகம் சிவந்தது. தூயா மேசைக்கடியில் அவள் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. க்ரேஷோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் சந்தில் கை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னல். அங்கே குடியிருக்கும் தோன்கா ஜன்னல் கதவைத் தட்டித் திறக்க வைத்தாள்.

"பெரினா, என்னடி, சம்பந்தி உசுரோட இருக்காரா?"

"உள்ள இருக்காரு."

"அவ்ளோ நேரமாவா? மூலிகைச் சாராயம் தரேன், கதவிடுக்குல ஊத்து. பாவம், வந்த எடத்துல கக்கூஸ்ல போய்ச் சேந்துட்டார்னா ஊரு என்ன சொல்லும்?"

அத்தான் கதவை உடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அதுவே திறந்தது. ஸ்வோனிமிரின் நெற்றியில் தூசி, கண்ணில் ஈரம். லேர்கா எழுந்து அவர் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. எல்லாரும் உள்ள வாங்க" என்றார்.

குளியலறைக்குள் ஏழு பேர் நெருக்கியடித்து நின்றோம். தண்ணீர் சூடாக்கும் பாய்லருக்குப் பின்னால், சுவரிலிருந்து பாதி வெளியே வந்து நிற்கும் தூணைக் காட்டினார். உச்சியில் இலை இலையாகச் செதுக்கிய பளிங்கு. அதன் கழுத்தில் அத்தான் அடித்த ஆணி. ஆணியில் எங்கள் துண்டுகள். பாய்லர் மேல் ஏறித்தான் அவர் இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவேயில்லை. குளியலறையில் பார்க்க என்ன இருக்கிறது?

"ஊர் பூரா பாத்தேன். எல்லாத்துலயும் புகை, புறா எச்சம். இது மட்டும்தான் இவ்ளோ சுத்தமா இருக்கு. யார் பாத்துக்கறது?"

"நான்தான்" என்றாள் அக்கா. "சனிக்கிழமை சனிக்கிழமை தேய்ச்சிடுவேன். சோப்பு நுரை இடுக்குல போய் ஒட்டிக்குது."

"எதை வெச்சுத் தேய்ப்பீங்க?"

"வினிகர்."

ஸ்வோனிமிர் கண்ணை மூடினார். இலைகளின் நுனியெல்லாம் ஏன் மிட்டாய் சப்பினது போல மழுங்கியிருந்தன என்று அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும்.

"சம்பந்தியம்மா, வினிகர் பளிங்கை அரிச்சிடும். இனிமே வேண்டாம். அந்த ஆணியும் வேண்டாம். இதை மட்டும் செய்ங்க, பொண்ணைப் பத்தி எங்களுக்கு வேற கேள்வியே இல்ல."

ஒரே சாப்பாட்டு வேளையில் அவளுடைய வினிகருக்கு இரண்டாவது அடி. யாராவது இப்படிச் செய் என்றால் அக்கா நேர் எதிராகத்தான் செய்வாள். அவள் வாய் திறந்ததைப் பார்த்தேன். தூயா ஈரத் துண்டு ஒன்றைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள்.

"சரிங்க சம்பந்தி. துண்டை எங்க மாட்றதுன்னும் நீங்களே சொல்லிடுங்க."

அந்த இலையுதிர்காலத்தில் கல்யாணம் நடந்தது. தூயாவும் க்ரேஷோவும் ஜாக்ரெப்பில் புது அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள், அங்கே தூண் எதுவும் கிடையாது. ஸ்வோனிமிர் சாகும்வரை ஒவ்வொரு கோடையிலும் வந்து, ஒரு நாற்காலியோடும் மெல்லிய தூரிகையோடும் குளியலறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். அந்த நாட்களில் நாங்கள் குளிக்கத் தோன்கா வீட்டுக்குப் போவோம். லேர்கா இப்போது இறைச்சியை வினிகரில்தான் ஊறவைக்கிறாள். அத்தான் பாய்லரை வேறு சுவருக்கு மாற்றினார், ஆணியைப் பிடுங்கினார், துண்டைக் கதவில் போடுகிறார். அக்கா சனிக்கிழமைகளில் வெறும் தண்ணீரால் தேய்க்கிறாள். நான் மட்டும் முன்போலவே அந்த வீட்டின் மாடி அறையில்தான் இருக்கிறேன்.