கங்காணி அன்செல்மோவுக்கு ஏற்றிய இரண்டு குப்பி

காப்பித் தோட்டத்துக் கங்காணி அன்செல்மோவுக்குப் பாம்பைப் பற்றித் தெரியாததே கிடையாது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பாம்பை உயிரோடு பிடித்து மரப்பெட்டியில் அடைத்து ரயிலேற்றினால், சாவோ பாலோ பாம்புப் பண்ணையிலிருந்து பதிலுக்கு விஷமுறிவு மருந்து வரும். குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. அப்படி வந்த இரண்டு குப்பிகள் அவர் வீட்டு அலமாரியில் இருந்தன. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்களை நிறுத்திவைத்துப் பாடம் நடத்துவார்: கடித்தால் ஓடாதே, பதறாதே, முதலில் பாம்பைப் பார்.

ஒருநாள் செடிக்கடியில் விழுந்த தொப்பியை எடுக்கப்போன கையில் ஏதோ கடித்தது. பார்ப்பதாவது ஒன்றாவது. வீடுவரை ஓடிய ஓட்டத்தில் தொப்பியும் போனது, மானமும் போனது. கடித்தது கொடிய விஷப்பாம்பு ஜராராக்காதான் என்று அலறி, மருந்துக்கடைக்காரரை வரவழைத்து, இரண்டு குப்பியையும் தனக்கே ஏற்றிக்கொண்டார். குதிரைச் சேணத்தை மைத்துனன் ஜோவினோவுக்குக் கொடுத்தார். மனைவி எவுடோசியாவிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார், எதற்கென்று சொல்லாமல்.

எவுடோசியா போய் அந்தப் பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாள். அது போய்பேவா என்ற வகை. தவளை தின்னும் சாது. பயந்தால் உடம்பைத் தட்டையாக்கி ஜராராக்கா மாதிரி நடிக்கும், அவ்வளவுதான்.

"இதுக்கா சேணத்தைக் குடுத்தீங்க?"

தோட்டமே வயிறு குலுங்கச் சிரித்தது. வேறு வழியில்லாமல் அவரும் சிரித்தார். எவுடோசியா மட்டும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நாளைக்கு எல்லாரும் வெறுங்காலோட பழம் பறிக்க இறங்கறாங்க. அலமாரியில ஒண்ணுமில்ல. இங்க பூட்ஸ் போட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் பூட்ஸைக் கழற்றி நிறைமாதக்காரி பெனெடிட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, பாம்பு பிடிக்கும் சுருக்குக் கோலோடு வெறுங்காலில் வரிசைக்கு முன்னால் நடந்தார். சருகு அசைந்தாலே துள்ளி விலகினார். ஒரு வாரத்தில் குதிரை மருந்து வேறு வேலையைக் காட்டியது. உடம்பெல்லாம் தடித்து, கண்ட மரத்திலெல்லாம் முதுகைத் தேய்த்தார். பாம்பு விட்டாலும் குதிரை விடவில்லை என்று தானே சொல்லிக்கொண்டார்.

அப்படித் தேய்த்துவிட்டுத் திரும்பியபோது, பெருவிரலுக்குப் பக்கத்தில் அசல் ஜராராக்கா. ஆள் அசையவில்லை. மெல்லக் கோலை இறக்கிச் சுருக்கை இழுத்துப் பெட்டியில் போட்டு மூடினார்.

ஜோவினோ வாய்பிளந்தான். "என்னா தைரியம் மச்சான்."

"தைரியமாவது மண்ணாவது. காலு நகரலடா. பேண்ட்டைப் பாரு, நனைஞ்சு கெடக்கு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அங்கே வெறுங்காலில் நின்ற ஒவ்வொருவருக்கும் அந்தப் பயம் தெரிந்த சங்கதிதான்.