டப்பாவுக்குள் மொறுமொறுப்பு நிற்காது

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. கதைகள் எங்கிருந்து வருகின்றன என்று யாராவது கேட்டால் மழை, ரயில் பயணம், எதிர் இருக்கைக்காரரின் முகம் என்று வாய்க்கு வந்ததை அளந்துவிடுவது என் வழக்கம். இந்த முறை அதற்குத் தெம்பில்லை. நடந்தது இதுதான்: என் மனைவி வேலையிலிருந்து வந்தாள், செருப்பைக் கழற்றினாள், கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கு லென்ஸ்காரர் கோழித் தொடை பண்ணிக் கொண்டுவந்திருந்தார். அடடா! தோல் அப்படியே மொறுமொறுன்னு, கடிச்சா சத்தம் கேக்குது. உள்ள அவ்வளவு மிருது. இத்தனை நாள் நாம சாப்பிட்டதெல்லாம் என்னன்னே தெரியல."

"நாம" என்றது அவளுடைய பெருந்தன்மை. எங்கள் வீட்டில் கோழி சமைப்பது நான்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். லென்ஸ்காரர் அதே கடையின் பின்னறையில் லென்ஸ்களைத் தீட்டி ஃபிரேமில் பொருத்துகிறவர். நான் வீட்டிலிருந்து கதை எழுதுகிறேன். நடுநடுவே மற்றவர்களுடைய புத்தகங்களில் பிழை திருத்துகிறேன். என் கதைகளை முதலில் படிப்பவள் அவள்தான். படித்துவிட்டு எப்போதும் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "நல்லாருக்கு." ஒரு மனிதன் செத்துப் பிழைத்து எழுதிய கதைக்கு ஒரு வார்த்தை. ஒரு கோழித் தொடைக்கு "அடடா"வோடு சேர்த்து எத்தனை வாக்கியம் என்று நீங்களே மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) "அந்தக் கடையின் பின்னறையில், மெல்லிய மீசை வைத்த ஒருவன் தனக்குள் சிரித்துக்கொ..."

மீசையை அடித்துவிட்டேன். லென்ஸ்காரரை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அவருக்கு மீசை கிடையாது. மீசை இல்லாதவரை வில்லனாக்கும் அளவுக்கு எனக்குக் கைத்திறமை இல்லை.

(ஆ) "எண்ணெய்ப் பிசுக்கேறிய விரல்களால் அவன் லென்ஸைத் தொட்டபோது..."

பொய். சுத்தமான கை. நான் போட்டிருக்கும் கண்ணாடியைப் பொருத்தித் தந்தவரே அவர்தான். மூக்கில் இருப்பதே தெரியாத அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது. அவரைத் திட்டி எழுதும் வரியைக்கூட அவர் தீட்டிய லென்ஸ் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால் என் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

(இ) "லென்ஸ்காரர் நல்லவர்."

இதற்குமேல் ஒரு எழுத்து ஓடவில்லை.

3

கொஞ்சம் சமையல். இது இல்லாமல் கதை நகராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடையைத் தோலோடும் எலும்போடும் வாங்க வேண்டும். கறிக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் தோலை உரிக்கக் கை வைப்பார், தடுக்க வேண்டும். ஈரம்தான் எதிரி. துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, உப்பு, மிளகுத்தூள், பூண்டுப் பொடி, கொஞ்சம் மிளகாய்த்தூள் எல்லாம் தடவி, ஃப்ரிட்ஜில் மூடாமல் வைக்க வேண்டும். மறுநாள் தோல் காகிதமாகக் காய்ந்திருக்கும். அதை இரும்புச் சட்டியில், சட்டி சூடேறும் முன்பே, தோல் அடியில் இருக்கும்படி வைத்துச் சிறுதீயில் விட வேண்டும். எண்ணெய்கூடத் தேவையில்லை, தோலில் இருக்கும் கொழுப்பு உருகி, அதிலேயே தோல் பொரியும். அதுவரைக்கும் தூக்கிப் பார்க்கக் கூடாது. வேளை வந்தால் சட்டி தானாகவே தோலை விட்டுவிடும். அப்புறம் திருப்பிப் போட்டு உள்ளே வேகவிட்டால் முடிந்தது.

தூக்கிப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு வராத கலை. முதல் தடவை தோல் சட்டியோடும் கறி என்னோடும் வந்தது. அடுத்த தடவை அவசரத்தில் மூடி போட்டேன். ஆவியில் வெந்து துவண்டுவிட்டது. வீம்புக்குச் சமைத்தால் ருசி வராது என்பார்கள். வரும். அதற்கடுத்த தடவை வந்தது. பொன்னிறத் தோல், கரண்டியால் தட்டினால் டொக்கென்று சத்தம். தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்திவிட்டு, எதுவும் எதிர்பார்க்காதவன் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சாப்பிட்டாள். எலும்பைக்கூடச் சும்மா விடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நல்லாருக்கு."

[இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதி, நீக்கிவிட்டேன். நாகரிகம் கருதி.]

ஒரு தொடை மிச்சமிருந்தது. மறுநாளுக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டு மூடினேன். பாத்திரமெல்லாம் கழுவி முடித்துவிட்டு, மனசு கேட்காமல் திறந்து பார்த்தேன். தோல் நனைந்த காலுறை மாதிரி கிடந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்து என்னை ஒரு அறை அறைந்தது.

டப்பாவுக்குள் மொறுமொறுப்பு நிற்காது. காலையில் பொரித்து, மூடி, பையில் போட்டுக் கொண்டுபோய், மத்தியானம் திறந்து கடித்தால் சத்தம் வருமா? வராது. ஆனால் அவளுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. அப்படியானால் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு சாப்பிட்டிருக்கிறாள். சட்டி எங்கே இருக்கும்? அடுப்பின் மேல். அடுப்பு எங்கே*

* வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். லென்ஸ்காரர் தனியாக இருக்கிறார், வீடு கடைக்குப் பின் தெருவில் என்று அவளே எப்போதோ சொல்லியிருக்கிறாள். எதற்காகச் சொன்னாள் என்பது தனிக் கதை. அதையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

4

வாயைத் திறந்து கேட்டுத் தொலைத்தால் என்ன என்கிறீர்கள். கேட்டால் பதில் வந்துவிடுமே, அதுதான் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பேயே கிடையாது என்று அந்தப் பழமொழி எங்கும் உத்தரவாதம் தரவில்லை.

நாங்கள் சந்தித்ததே அந்தப் பரிசோதனை அறையில்தான். எனக்கு முன்னால் போனவர் எழுத்துகளைச் சத்தமாகப் படித்ததை வெளியே உட்கார்ந்து கேட்டு, என் முறை வந்ததும் கடைசி வரிவரைக்கும் கடகடவென்று ஒப்பித்தேன். கண்ணாடி போடுவதில் அன்று எனக்கு அவ்வளவு வெட்கம். அவள் வேறு எழுத்துப் பலகையை மாட்டினாள். நான் திருதிருவென்று விழித்தேன்.

"மனப்பாடம் பண்ணினதைச் சொல்லாதீங்க," என்றாள். "இதுல பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. தெரியறதைச் சொல்லுங்க, போதும்."

அந்த இடத்திலேயே விழுந்தவன்தான். பிறகு அவள் என் கண்முன் லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டாள்: "இது தெளிவா, இல்ல இதுவா?"

அதே முறையில் இந்தக் கதையையும் வைத்துப் பார்த்தேன்.

முதல் லென்ஸ்: பின் தெரு வீடு. அவர் சட்டியிலிருந்து நேராக அவள் தட்டில் வைக்கிறார். "பாத்து மேடம், சுடும்." அவள் ஊதி ஊதிக் கடிக்கிறாள். சத்தம். அவர் அவள் முகத்தையே பார்க்கிறார். அவள் சிரி...

இரண்டாவது லென்ஸ்: கடையில் டப்பா திறக்கிறது. தோல் துவண்டுதான் இருக்கிறது. அவள் மரியாதைக்குச் சாப்பிடுகிறாள். அப்படியானால் வீட்டுக்கு வந்து என்னிடம் ஏன் மொறுமொறு என்று சொல்ல வேண்டும்? என்னைச் சீண்டவா? இது முதலாவதைவிட மங்கல்.

5

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் தலையணை உறை ஒன்றை எடுத்து உதவி செய்கிறவன் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"ஒரு சந்தேகம். கதைக்காகக் கேக்கறேன்."

"கேளுங்க."

"டப்பால போட்டு மூடின கோழி மத்தியானம் வரைக்கும் மொறுமொறுன்னு இருக்குமா?"

"எப்படி இருக்கும்? சவசவன்னு போயிடும்."

"அப்ப, அன்னிக்கு..."

அவள் கையிலிருந்த துணியை மடியில் வைத்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயோ, அதைச் சொல்லவே இல்லையா? ஃபிரேமை வளைக்கறதுக்கு ஒரு ஹீட்டர் இருக்கு பாருங்க, சூடா காத்து ஊதுமே! தொடையை இடுக்கியில புடிச்சு அதுக்கு முன்னாடி காட்டினார். கண்ணாடிக் காம்பைத் திருப்பற மாதிரியே திருப்பித் திருப்பி. நான் கீழ தட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கறேன். அந்த நேரம் பாத்து முதலாளி உள்ள வந்து, 'யாரோட ஃபிரேம்யா தீயுது, வாசனை ஆளைத் தூக்குது'ன்னாரே பாக்கணும்!"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. மடித்த துணியிலேயே துடைத்துக்கொண்டாள்.

"கதைக்குத்தானே கேட்டீங்க?"

"கதைக்குத்தான்."

6

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் போய்விட்டது.

சொல்லக் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். அவள் அந்த வீட்டுக்குப் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. சண்டை போட்டிருக்கலாம், நியாயம் என் பக்கம் இருந்திருக்கும். ஒரு ஹீட்டருக்கு முன்னால் இரண்டு பேர் நின்று சிரித்ததற்கு என்ன சண்டை போடுவது? அதில் குற்றமே இல்லை. குற்றமில்லாத அந்தச் சிரிப்பு என் சமையலறையில் கடைசியாக எப்போது கேட்டது என்று யோசித்தேன். நான் சமைக்கும்போது அவளை உள்ளே விடுவதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

எழுத்தாளன் என்ற முறையில் இன்னொரு எரிச்சலும் உண்டு. கண்ணாடி ஃபிரேம் ஹீட்டரில் கோழித் தொடை! உயிரைக் கொடுத்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது. நான் வைத்த மீசை எங்கே, இது எங்கே. உண்மை என்றால் அவர் என்னைவிட ருசியாக வாழ்கிறார். பொய் என்றால் அவள் என்னைவிட நன்றாகக் கதை கட்டுகிறாள். இரண்டில் எது தேவலை?

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஒரு நல்ல பத்திரிகை ஆசிரியர் இதற்கும் கொஞ்சம் மேலேயே கோடு போட்டு முடித்திருப்பார்.* ஆனால் நான் தூக்கிப் பார்க்கிற ஜாதி.

* "குற்றமில்லாத அந்தச் சிரிப்பு" என்ற வரியோடு. நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதனாலேயே பிடிக்கவில்லை.

7

தொடை பொரித்தேன். சூடு ஆறும் முன் டப்பாவில் போட்டு, நன்றாகத் துவளட்டும் என்று மூடியை அழுத்தி மூடினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகக் கடைக்குள் நுழைந்தேன். சுவர் முழுக்க ஃபிரேம்கள், ஆளில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பரிசோதனை அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே அவள் குரல், "இது தெளிவா, இல்ல இதுவா?"

லென்ஸ்காரர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"அட, வாங்க சார்! கண்ணாடி எதுவும் இறுக்குதா?"

"இல்ல. கோழித் தொடை கொண்டுவந்தேன். உங்க ஹீட்டர் பத்திச் சொன்னா..."

"சொல்லிட்டாங்களா?" அவருக்கு வெட்கமும் சிரிப்புமாக இருந்தது. டப்பாவைத் திறந்து, துவண்ட தோலை ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "ரெண்டு நிமிஷம் குடுங்க, எழுப்பிடறேன். நீங்க பண்ணினதா சார்? குடுத்துவெச்சவர். மேடம் உங்க சமையலை 'நல்லாருக்கும்'னு சொல்லுவாங்க. அவங்க வாயில அந்த வார்த்தை லேசுல வராதே! என்னோடதைக்கூட மொறுமொறுன்னு இருக்கு, சத்தம் வருதுன்னாங்க. நல்லாருக்குன்னு சொல்லவே இல்லை."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்னப் பொறாமை இருந்தது. எனக்குத் தெரியாதா அந்தச் சரக்கு! கேட்டதுமே அடையாளம் கண்டுகொண்டேன். இத்தனை வருடம் அவள் என் கதைகளுக்கெல்லாம் கொடுத்த அந்த ஒற்றை வார்த்தையை, அங்கே நின்றபடி, ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

ஹீட்டர் ஊத ஆரம்பித்தது. அதே நேரம் கதவு திறந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அது எனக்கான மலர்ச்சிதான், அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. பிறகு அவள் பார்வை ஹீட்டருக்குப் போனது. இடுக்கியில் இருந்த தொடைக்கு. காலி டப்பாவுக்கு. அப்புறம் எனக்கு. நாள் முழுக்கக் கண்களைப் பார்ப்பதே அவள் பிழைப்பு. பக்கத்தில் வந்து, லென்ஸ்காரருக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"சாப்பிடக் கொண்டுவந்தீங்களா, இல்ல இதுவும் கதைக்கா?"

என்னிடம் ஒரு பதில் இருந்தது. பஸ்ஸில் வரும்போதே செய்து வைத்தது. வாயைத் திறந்தேன்.

"மனப்பாடம் பண்ணினதைச் சொல்லாதீங்க," என்றாள். "தெரியறதைச் சொல்லுங்க, போதும்."

8

தோல் மொறுமொறுத்ததா என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? சொல்லமாட்டேன். எதை நிரூபிக்க அதைக் கொண்டுபோனேனோ அது அவள் கேட்ட நொடியிலேயே ஒன்றுமில்லாமல் போயிற்று. முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். இன்னொன்றில் நான் காலி டப்பாவோடு பஸ் ஏறுகிறேன். இரண்டிலும் நான் அவளுக்குச் சொன்ன பதில் மட்டும் இல்லை. அந்த வரிக்கு வரும்போதெல்லாம் மீசை வைப்பதற்குத்தான் கை போகிறது.

ஆகவே அந்த வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

"........................................"

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரம் இல்லை, ஹீட்டர் ஊதிக்கொண்டுதான் இருக்கிறது, அவள் தட்டை எடுக்காமல் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: என் கதைகளை முதலில் படிப்பவள் அவள்.