ஈறில் வைத்த மயில்துத்தம்

ஆயிரத்து அறுநூற்று நாற்பது டாலர். கால்நடை மருத்துவர் ரோவினாவுக்கு மெர்வ் கொடுக்கவேண்டிய பாக்கி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடு மடக்கும் கெல்பி ஜாதியில் அவன் வளர்த்த பெட்டை நாய் பிப்பைப் பழுப்புப் பாம்பு தீண்டியது. அப்போது போட்ட விஷமுறிவு ஊசிக்கான பணம். முதலில் மாசாமாசம் கொடுத்துக்கொண்டுதான் வந்தான். ஆட்டுக் கம்பளி கத்தரிப்பதுதான் அவன் தொழில்; மழை பொய்த்து, கத்தரிக்க ஆடுகள் குறைந்ததும் ஒரு மாசம் விட்டான். விட்டது விட்டதுதான். அதிலிருந்து டவுனுக்குப் போனால் அவள் ஆஸ்பத்திரி இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவான்.

பிப்பின் வாயில் நாற்றம் அடிக்கிறதே என்று ஒரு நாள் கத்தரிப்புக் கொட்டகையில் உதட்டைத் தூக்கிப் பார்த்தான். கீழ் ஈறில், முன்பல்லை ஒட்டி, முசுக்கொட்டைப் பழம் மாதிரி ஒரு சதை. விரல் பட்டதும் ரத்தம் கசிந்தது.

மெர்வ் உதட்டை விட்டுவிட்டான். முன்பு வைத்திருந்த நாய்க்கும் இப்படித்தான் வாயில் வந்தது, கறுப்பாக. ஆறே வாரம். அவன்தான் குழி தோண்டினான். இது சிவப்பா கறுப்பா என்று வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கொட்டகையில் சமைக்கிற அல்மா மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, மிளகு தட்டிப்போட்டுக் கொடுத்தாள். பத்து நாள் தடவினான். நாயின் மூஞ்சி முழுக்க மஞ்சள்.

"என்ன மெர்வ், பொண்ணுக்குக் கல்யாணமா?" என்று கம்பளி மூட்டை அழுத்துகிற ஹார்வி கேட்க, கொட்டகையே சிரித்தது. மெர்வும் சிரித்துவைத்தான். நாற்றம் கொஞ்சம் குறைந்திருந்தது. கட்டி குறையவில்லை. தண்ணீர்ச் சட்டியில் ரத்தம் நூல் நூலாக மிதந்தது.

"நாத்தம் போகும்னுதான் நான் சொன்னேன், கட்டி கரையும்னா சொன்னேன்?" என்றாள் அல்மா. "ரோவினாகிட்ட கொண்டு போப்பா. அவ என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவா?"

"பாக்கி இருக்கு அல்மா."

"பாக்கியா பயமா?"

அவனுக்குப் பாக்கியைச் சொல்வது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஹார்வி வேறு வழி சொன்னான். "டேய், ஆட்டுக்குக் குளம்பு அழுகினா என்ன பண்றோம்? மயில்துத்தத் தண்ணியில நிக்க வைக்கிறோம். சதை காய்ஞ்சு உதிருது. இதுவும் சதைதானே?"

இருபத்தெட்டு வருடம் ஆட்டுக் குளம்பைப் பார்த்தவன் மெர்வ். அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயில்துத்தத்தின் நீலப் பொடியைக் கரண்டி முனையில் எடுத்து, எச்சில் தொட்டுக் குழைத்து, கட்டிமேல் அப்பினான். பிப் வலியில் துள்ளியது. பிறகு நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது.

கால் மணி நேரத்தில் வாந்தி. பச்சையும் நீலமுமாக நுரை. மூன்றாவது வாந்தியில் ரத்தம். பின்னங்கால் மடங்கி நாய் உட்கார்ந்துவிட்டது. கண் மட்டும் அவன் மேலேயே இருந்தது, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று உத்தரவு கேட்பதுபோல.

போனை எடுத்து ரோவினாவின் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினான்.

"ரோவினா, நான் மெர்வ். அந்தப் பணம்..."

"நாய்க்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லு."

சொன்னான். 

"தலையைக் கீழே சாய்ச்சுப் பிடிச்சு வாயைத் தண்ணியால கழுவு. வேற எதையும் உள்ள ஊத்தாத. அந்தப் பொடி டப்பாவையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

தொண்ணூறு கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் கிடந்த பிப்பின் விலாவில் ஒரு கையை வைத்துக்கொண்டே ஓட்டினான். மூச்சு ஏறுகிறதா என்று பார்க்க அவ்வப்போது வேகத்தைக் குறைத்தான். குறைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி அழுத்தினான்.

ரோவினா குளுக்கோஸ் ஏற்றி, வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்து, மூன்று நாள் வைத்திருந்தாள். நாய் பிழைத்தது. அப்போதே கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள்.

"ஆடு குளம்பை நக்காது மெர்வ். வாயில வச்சா நாய் முழுங்காம என்ன செய்யும்? நல்லவேளை, கல்லீரல் தப்பிச்சுது."

"மஞ்சள்?"

"மஞ்சளால நாய் சாகாது. கட்டியும் சாகாது." நாற்காலியை இழுத்துப்போட்டு அவனெதிரே உட்கார்ந்தாள். "பரவுற ஜாதின்னா, தாடையை வெட்டி சிட்னியில கதிர்வீச்சு குடுக்கலாம், அதுக்கும் உத்தரவாதம் இல்ல. அது வேணாம்னா வலி மாத்திரை குடுத்து இருக்கிற நாளை நல்லா வச்சுக்கலாம். பரவாத ஜாதின்னா வெட்டி எடுத்தாப் போதும். பத்து நாள்ல தெரியும்."

"பழைய பாக்கி..."

"எங்கிட்ட நூத்து முப்பத்தேழு ஆடு நிக்குது. இத்தனூண்டு மந்தைக்கு எந்தக் கத்தரிப்புக்காரனும் வரமாட்டேங்கிறான். தலைக்குப் பன்னெண்டு டாலர், பாக்கியில கழிச்சுக்கலாம். வர்றியா?"

பத்தாம் நாள் அவள் கொட்டகையில் கடைசி ஆட்டை இழுத்துக் கால்களுக்கு நடுவே உட்கார வைத்தான். பிப் கதவோரம் படுத்திருந்தது. பாதி கத்தரித்திருப்பான், ரோவினா ஒரு காகிதத்தோடு உள்ளே வந்தாள். மெர்வ் தலை நிமிரவில்லை. இயந்திரம் இரையும் வரை எதையும் கேட்கவேண்டாமே. கழுத்து, தோள், முதுகு. மூன்று நிமிட வேலையை எட்டு நிமிடம் செய்தான். ஆடு கம்பளி போய்த் துள்ளி ஓடிய பிறகும் கயிற்றை இழுத்து இயந்திரத்தை நிறுத்த அவனுக்குக் கை எழவில்லை. அவளே வந்து இழுத்தாள்.

கொட்டகை திடீரென்று அமைதியானது.

"பரவாத ஜாதி. ஆனா எலும்பைத் தின்னும். முன் தாடையில இவ்வளவு எடுக்கணும்." தன் மோவாயில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "நாக்கு வெளிய தொங்கும். பாக்க அசிங்கமா இருக்கும். ஆனா ஆட்டை மடக்க பிப்புக்கு வாய் வேண்டாம், அவளுக்குக் கண்ணு போதும்."

மெர்வ் அந்த எண்ணெய்ப் பிசுக்குப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான். 

"மயக்க மருந்து தாங்குவாளா?"

"வயிறு இன்னும் முழுசா ஆறல. அதனால வியாழக்கிழமை. பொய் சொல்லமாட்டேன், எனக்கும் பயமாத்தான் இருக்கு."

பிப் எழுந்து வந்து அவன் முழங்காலில் தாடையை வைத்தது. வெட்டப்போகிற அதே தாடை. அவன் அதைத் தொடாமல் காதைத் தடவினான்.

ரோவினா காகிதத்தைத் திருப்பி வைத்து, நூற்று முப்பத்தேழைப் பன்னிரண்டால் பெருக்கினாள். "ஆயிரத்து அறுநூத்து நாப்பத்து நாலு. நான்தான் உனக்கு நாலு டாலர் தரணும்." ஜேபியில் துழாவி, இரண்டு டாலர் காசு இரண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "பழசு முடிஞ்சுது மெர்வ்."