ஏற்றம் மட்டும்

தாடிக்கொம்புப் பக்கம் தரையில் ஒரு பந்தை வைத்தால் அது வைத்த இடத்திலேயே கிடக்கும். அப்படியொரு சமதரை. எந்தத் திக்கில் பார்த்தாலும் தூரத்தில் மலை தெரியும். ஆனால் கால்மாட்டில் ஒரு மேடு கிடையாது. தங்கச்சி சுகன்யாவுக்கு ஏற்றம் வேண்டும் என்று சேவியர் மாஸ்டர் சொன்ன அன்றைக்குத்தான் ஈஸ்வரனுக்கு அது ஒரு குறையாகவே தெரிந்தது.

சேவியர் மாஸ்டர் சுகன்யா படித்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியர். சுகன்யா மாவட்ட சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்த சாயங்காலம், ஈஸ்வரனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"சமதரையில இவளப் பிடிக்க நம்ம பக்கத்துல ஆளில்ல ஈஸ்வரா. ஆனா மாநில டீமுக்கு ஆள் எடுக்குற போட்டிய இந்தத் தடவ மலையில வைக்கிறாங்க. இந்த வயசுப் பிரிவுல இவளுக்கு இதுதான் கடைசி வருஷம். எங்கயாச்சும் ஒரு ஏத்தத்தப் பிடிச்சு இவள ஏறவிடு."

"பிடிச்சுருவோம் சார்" என்றான் ஈஸ்வரன், ஏதோ கோழி பிடிக்கிற மாதிரி.

அவன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். பூ, முருங்கைக்காய், சிமெண்டு, ஆடு எதுவானாலும் ஏற்றிக்கொண்டு போவான். அப்பா இறந்தபோது சுகன்யா பேச்சுக்கூடச் சரியாக வராத குழந்தை. அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அண்ணன் பாதி, அப்பன் பாதி. திருச்சியில் ஒருவர் ஓட்டிப் பழசாக்கிய கியர் சைக்கிளைத் தேடிப்போய் வாங்கிவந்து கொடுத்ததும் அவன்தான். அவள் அதன்மேல் குனிந்து நாலுவழிச் சாலையோரம் பறந்து போகும்போது, பின்னால் வண்டியில் வருகிற அவனுக்கு நெஞ்சு நிறைந்து போகும்.

முதலில் திண்டுக்கல் ரயில்வே மேம்பாலத்துக்குக் கூட்டிப்போனான். கடைகள் திறக்கும் முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில், சுகன்யா பாலத்தில் ஏறுவாள், இறங்குவாள், திரும்பி ஏறுவாள். பாலத்தடியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த நூர் அகமது இரண்டு நாள் பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை.

"ஏன் தம்பி, தங்கச்சி கம்மல் கிம்மல் எதையும் தொலைச்சிருச்சா? போகுது வருது, போகுது வருது!"

"ஏத்தம் பழகுது பாய்."

"இது ஒரு ஏத்தமாப்பா? எங்க வீட்டு மாடிப்படி இதவிட ஒசரம்."

அவர் கேலிக்குச் சொன்னாலும் அது உண்மைதான். மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது பாலம் முடிந்துவிடும். பிறகு கண்மாய்க்கரையைப் பார்த்தார்கள்; சரிவு நன்றாக இருந்தது, ஆனால் நாலு மிதியில் தீர்ந்துபோனது. கல்குவாரிப் பாதை செங்குத்தாகத்தான் போனது. லாரிப் புழுதி தின்று சுகன்யா ஒரு வாரம் இருமினாள், ஜல்லி குத்தி டயர் கிழிந்தது. ஒரு வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றப் போனபோது, கணவாய்ப் பக்கம் வண்டி திணறி கீழ் கியர் கேட்டது. ஈஸ்வரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி, ஆடுகள் கத்தக் கத்த, அங்கிருந்தே தங்கச்சிக்குப் போன் போட்டான்.

"பாப்பா, கெடச்சிருச்சு! வண்டியே மூச்சு வாங்குது!"

அங்கேயும் கொஞ்ச நாள்தான். பக்கத்தில் கடந்து போகிற கண்டெய்னர் லாரிகளின் காற்று சைக்கிளை இழுத்து இழுத்துத் தள்ளியது. ஒருநாள் கூடவே வந்து பார்த்த அம்மா கருப்பம்மாள், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கும்பிட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "இனிமே அந்த ரோட்டுல எம்புள்ள கால் வச்சா நான் சோறு திங்கமாட்டேன்" என்று முடித்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது சிறுமலைதான். பதினெட்டு வளைவு. ஊரிலிருந்து தூரம், காட்டுமாடு ரோட்டில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமையானால் காரும் பைக்கும் நெரியும் என்று யோசித்து யோசித்து அதைத் தள்ளி வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்து மலைமேல் தோட்டம் வைத்திருக்கும் முத்துச்சாமி, வாழைத்தாரும் எலுமிச்சையும் மார்க்கெட்டுக்கு இறக்க வாடகை வண்டி தேடிக்கொண்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள் காலை லோடு. ஈஸ்வரன் அதைப் பிடித்துக்கொண்டான். போகும்போது வண்டி காலி. சுகன்யாவையும் சைக்கிளையும் அடிவாரத்தில் இறக்கிவிட்டு, அவள் பின்னாலேயே ஏறுவான். மேலே தாரை ஏற்றி, அதன்மேல் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இறங்குவான்.

அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. முதல் வாரம் அவள் நாலாவது வளைவில் இறங்கி வாந்தி எடுத்தாள். பிறகு வாந்தி நின்றது, இறங்குவது நின்றது. உடம்பை ஆட்டாமல், ஒரே சீராக, தறி ஓடுகிற மாதிரி ஏறப் பழகினாள். பனி மூடிய வளைவுகளில் அவளுடைய சிவப்புச் சட்டை முன்னால் தெரிந்து தெரிந்து மறையும். ஒரு கட்டத்தில், எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றுவிட்டு அவன் போய்ச் சேர்வதற்குள், அவள் மேலே போய்க் கல்லில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பாள்.

"என்னண்ணே, டீசல் இல்லையா?" என்பாள்.

அப்படி ஒரு காலையில்தான் கேட்டாள். லோடு ஏற்றி முடித்து அவன் கயிற்றைக் கையில் எடுத்திருந்தான்.

"அண்ணே, இன்னைக்கு நான் ஓட்டிக்கிட்டே எறங்குறேன். நீ பின்னால வா."

"வேணாம் பாப்பா."

"ஒரு தடவண்ணே. போட்டியில ஏறிட்டுத் திரும்பி எறங்கித்தான முடிக்கணும்?"

"ஏறத்தான வந்தோம்? எறங்குறதுக்கு என்ன படிப்பு வேண்டிக் கெடக்கு? தண்ணி தானா எறங்கல?"

சுகன்யா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். சைக்கிள் வாழைத்தார்மேல் ஏறியது.

அவன் சிரித்தாலும் உள்ளுக்குள் வேறொன்று இருந்தது. வண்டி ஓட்ட ஆரம்பித்த புதிதில், இதே மலையில், லோடோடு இறங்கும்போது அவனுக்கு பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிருக்கிறது. கருகிய வாடை மூக்கில் ஏறியதும், மிதித்த கால் தரை வரைக்கும் போனதும், வண்டியை மலைப்பக்கச் சுவரில் உரசி நிறுத்தியதும் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் எந்த வளைவுக்கு எங்கே வேகம் குறைப்பது, எங்கே காலை எடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டான். ஏறுகிற வண்டி நின்றால் நிற்கும். இறங்குகிற வண்டி அப்படியில்லை. அந்தப் பாதையில் இரண்டு மெல்லிய டயரை நம்பித் தங்கச்சி இறங்குவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவள் அதற்கப்புறமும் கேட்டாள். ஒருநாள் மழை ஈரம் என்றான், ஒருநாள் மார்க்கெட்டுக்கு நேரமாச்சு என்றான். சேவியர் மாஸ்டர் போனில், "எறக்கமும் பழக்குறியாப்பா?" என்று கேட்டபோது, "பழகுது சார், பழகுது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனான். பக்கத்து சீட்டில் இருந்த சுகன்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போட்டி ஜவ்வாது மலையில் நடந்தது. முந்தின நாளே வண்டியில் கிளம்பிப் போய்விட்டார்கள். அடிவாரத்தில் புறப்பட்டு, மலை ஏறி, மேலே ஒரு ஊரில் திரும்பி, அதே வழியில் இறங்கி, கொஞ்ச தூரம் சமதரையில் ஓடி முடிக்க வேண்டும். முதல் நாலு பேர் மாநில அணிக்கு. மாஸ்டர் மேலே திருப்பத்தில் நின்றார். ஈஸ்வரன் கீழே, முடிகிற இடத்தில், கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மைக்கில் ஒருவர் மேலேயிருந்து வருகிற தகவலைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். பாதி ஏற்றத்தில் சுகன்யா மூன்றாவது. அப்புறம் இரண்டாவது. அப்புறம் மைக் கொஞ்ச நேரம் கரகரத்துவிட்டு, "உச்சியில் முதலாவதாகத் திரும்புவது திண்டுக்கல் சுகன்யா! பின்னால் வருகிறவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை!" என்றது.

ஈஸ்வரன் பக்கத்தில் நின்றவரை, யாரென்றே தெரியாது, கட்டிப்பிடித்துவிட்டான். அம்மாவுக்குப் போன் போட்டான்.

"எம்மா, உன் மக மொதல்ல வாரா! அம்புட்டுப் பேரும் பின்னாடி!"

"நல்லா வரட்டுய்யா, பாத்து வரச் சொல்லு."

அந்தச் சொல் காதில் விழுந்ததும்தான் அவனுக்கு எங்கேயோ சுருக்கென்றது. போனைப் பையில் வைத்துவிட்டு மலைப்பாதையைப் பார்த்தான்.

முதலில் நீலச் சட்டை ஒன்று வந்தது. வளைவிலிருந்து சாய்ந்தபடியே வெளியே வந்து, நிமிர்ந்து, சமதரையில் அம்பு மாதிரி போனது. அடுத்து இரண்டு பேர் ஒட்டி வந்தார்கள். சிவப்பு இல்லை. விழுந்துவிட்டாளோ? நாலாவது ஆள் முடிவுக் கோட்டைத் தாண்டினாள். அப்போது அவன் போட்டியை மறந்துவிட்டான். முழுசாக வந்தால் போதும் என்று அழகர்மலை முதல் பழனிமலை வரை எல்லாச் சாமியையும் கூப்பிட்டான். அஞ்சாவது வந்தாள், ஆறாவது வந்தாள்.

ஏழாவதாக வந்தது சுகன்யா. விழவில்லை. எங்கேயும் ஒரு சிராய்ப்பு இல்லை. கோட்டைத் தாண்டி, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

அவன் ஓடிப்போய் சைக்கிளைப் பிடித்தான். "எறங்கு பாப்பா."

"கையி விரியலண்ணே."

பார்த்தான். இரண்டு கை விரல்களும் பிரேக்கைப் பிடித்தபடியே மரத்துப்போய் மடங்கியிருந்தன. உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் அவள் அதை விடவேயில்லை. ஈஸ்வரன் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.

"ஒவ்வொரு வளைவுலயும் பயந்துட்டேன்" என்றாள். "அவளுக எல்லாம் என்னையக் கடந்து அப்படியே போறாளுக. எப்படிப் போறாளுகன்னே எனக்கு வெளங்கல."

மேலேயிருந்து ஜீப்பில் இறங்கிவந்த சேவியர் மாஸ்டர், அவள் தலையில் கை வைத்தார். ஈஸ்வரனை ஒருமுறை பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

வீட்டில் கருப்பம்மாள், "போனாப் போகுது, கைகால் முழுசா வந்தியே தாயி, அது போதும்" என்று திருஷ்டி சுற்றிப் போட்டாள். தான் அங்கே வேண்டிக்கொண்டதும் அதேதான் என்று ஈஸ்வரனுக்கு நினைவு வந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவனாகவே போய்க் கேட்டான். "பாப்பா, நாளைக்குக் காலையில சிறுமலைக்கு வாரியா?"

அவள் வந்தாள். பழையபடி ஏறினாள், கால் எதையும் மறந்திருக்கவில்லை. மேலே லோடு ஏற்றி முடித்தபின் ஈஸ்வரன் கயிற்றைக் கையில் எடுக்கவில்லை.

"இன்னைக்கு நீ ஓட்டிக்கிட்டு எறங்கு. நான் மெதுவாப் பின்னால வாரேன்."

சுகன்யா சைக்கிளில் ஏறினாள். சரிவு தொடங்குகிற இடம் வரை மெதுவாக மிதித்துப் போனாள். முதல் வளைவைப் பார்த்தபடி செத்த நேரம் நின்றாள். பின்னால் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு இவன் காத்திருந்தான். அவள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தாள். தானே தூக்கித் தார்மேல் வைத்தாள்.

"வேணாம்ண்ணே. மார்க்கெட்டுக்கு நேரமாயிரும்."

குத்தலாகச் சொல்லவில்லை. அவன் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிப்போன வார்த்தை, அவ்வளவுதான்.

இறங்கும்போது, எதையாவது பேச வேண்டுமே என்றுதான் ஆரம்பித்தான். "இங்க பாரு பாப்பா. வளைவுக்குள்ள போயி பிரேக்க அமுக்கக் கூடாது. அதுக்கு முன்னாடியே அமுக்கி வேகத்தக் கொறச்சுரணும். உள்ள நொழைஞ்சதும் விட்டுரணும். கண்ணு பக்கத்துல பாக்கக் கூடாது, வளைவு முடியிற எடத்தப் பாக்கணும். வண்டி தானா அங்க போகும்." சொல்லிக்கொண்டே இரண்டு வளைவுகளை அப்படியே எடுத்துக் காட்டினான். வண்டி அலுங்காமல் திரும்பியது.

சுகன்யா அவன் காலையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாவது வளைவு தாண்டிய பிறகு கேட்டாள்:

"சைக்கிளுக்கும் இதுதானாண்ணே?"

"எல்லாத்துக்கும் இதுதான்."

"இத்தன நாளு பக்கத்துலதான உக்காந்து வந்தேன். அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

கோபமில்லாமல்தான் கேட்டாள், நேரம் என்ன என்று கேட்பது போல. அத்தனை நாள் காலையிலும் ஈஸ்வரன் வாயை மூடிக்கொண்டு, வாழைத்தார் நசுங்காமல் பார்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். இறக்கத்தைப் பற்றிப் பேசினால் அவள் இறங்க ஆசைப்படுவாள் என்ற பயத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சுகன்யா இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் கடைக்கு, கோயிலுக்கு எல்லாம் அந்தச் சைக்கிளில்தான் போகிறாள். பந்தயத்தைப் பற்றி யாராவது கேட்டால், "அதெல்லாம் ஸ்கூல்ல படிக்கும்போது" என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு அண்ணன்மேல் எந்த வருத்தமும் இல்லை. இருந்திருந்தால் ஒருநாள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கலாம்.

முத்துச்சாமியின் லோடு இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. சில காலைகளில் மதுரையிலிருந்து சைக்கிள்காரர்கள் கும்பலாகச் சிறுமலைக்கு வருகிறார்கள். போன மாதம் அவன் லோடோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் மணிச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தான். தலைக்கவசத்துக்குக் கீழே பின்னல் ஆட, ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவன் இடதுபக்கம் ஒதுங்கிக் கையை வெளியே நீட்டி வழி காட்டினான். அவள் அவனைத் தாண்டி, வளைவுக்கு முன்னால் சற்றே நிதானித்து, பிறகு பிரேக்கை விட்டு, உடம்பைச் சாய்த்து, சிரமமே இல்லாமல் திரும்பி மறைந்தாள்.

ஈஸ்வரன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்கும் வரை அங்கேயே இருந்தான்.